சதுக்கமும் தோட்டமும் சேரும் இடத்தில் செய்யக் கூடாதவை

வரைபடத்தில் எல்லாச் சதுக்கங்களும் அழகுதான். கோலாலம்பூர் வெயிலில் போய் நின்றால்தான் சாயம் வெளுக்கும். நகர நடுவே ஒரு சதுக்கத்தில் மாலை நான்கு மணிக்குப் பார்த்தேன்: விளக்குக் கம்பத்தின் நிழலில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். பக்கத்திலேயே நான்கு கல் இருக்கைகள், உட்கார ஆளில்லை. சுற்றிலும் ராஜபனைகள். தண்டு கம்பீரம், நிழல் குடையளவு.

நிழலுக்குத் தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. மாலையில் இலையை மூடிக்கொள்வதால் மலாயில் அதற்கு ‘புக்குல் லிமா’, அதாவது ஐந்து மணி, என்று பெயர். ஆனால் கிளை விரிவதற்கு ஏற்ப வேருக்கும் இடம் வேண்டும். கீழே கார் நிறுத்துமிடம் கட்டி, அதன் கூரைமேல் ஓரடி மண்ணைக் கொட்டி, ‘மரம் வளரும்’ என்பவர்களை நான் நம்புவதில்லை. அதில் புல் வளரும்; மிஞ்சினால் வெட்சி.

‘டத்தாரான் மெர்டேக்காவும் வெட்டவெளிதானே?’ என்று கோலாலம்பூரின் சுதந்திரச் சதுக்கத்தைக் காட்டிக் கேட்பார்கள். அது கிரிக்கெட் ஆடிய திடல். 1957-இல் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறிய இடம். அணிவகுப்புக்கு வெட்டவெளி வேண்டும். மதியச் சோற்றுப் பொட்டலத்தோடு வருபவருக்கு அது எதற்கு?

கல்தளம் ஒரு பக்கம், தோட்டம் மறு பக்கம் என்று பாகம் பிரித்து, நடுவே கம்பி வேலி போடுவது இன்னொரு தவறு. பாத்தியின் விளிம்புச் சுவரை ஒன்றரை அடி உயரத்தில் அகலமாகக் கட்டினால் அதுவே திண்ணை. வேலியும் வேண்டாம், ‘புல்லை மிதிக்காதீர்’ பலகையும் வேண்டாம்.

மழையை மறப்பதைத்தான் மன்னிக்கவே முடியாது. பிற்பகல் இடிமழையில் மெருகேற்றிய கிரானைட் வழுக்கும். சொரசொரப்பான கல் பதியுங்கள். பாத்தியைச் சுற்றி இடைவெளியின்றி விளிம்புக்கல் வைத்தால் நீர் தளத்திலேயே தேங்கும். ஆங்காங்கே வெட்டிவிட்டால் செடிக்குப் போய்ச் சேரும். பாத்தியிலும் ஓரிரு நாளில் வடிந்துவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்கு ஒதுங்க என்ன செய்வது என்பதற்குப் பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் முன்னே கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சதுக்கத்தின் ஓரத்திலும் அப்படியொரு கூரை ஓடட்டும்.

தீபாவளிச் சந்தையையும் நினைத்துப் பாருங்கள். கூடாரக் கால் ஊன்றக் குழி, தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு மூன்றையும் தரைக்குள்ளேயே வைக்காமல் பூப்பாத்தி போட்ட இடமொன்றை அறிவேன். முறுக்குக் கடைக்காரர் வெட்சிச் செடிகளை விலக்கிக்கொண்டு கம்பை நட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.