சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில் குடியிருப்பவர்கள் சர்க்கரை நோய்க்கு எதிராகச் செய்ய வேண்டியவை

கடலூரில், குடிகாட்டுப் பக்கம் இருக்கிறேன். எங்கள் தெருவில் சர்க்கரைக்குச் சோற்றையும் இனிப்பையும் மட்டுமே குறை சொல்வார்கள். காற்றுக்கும் அதில் பங்குண்டு. சென்னை, டெல்லி மக்களை 2010 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வில், காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் சர்க்கரை நோய் அபாயம் 22 சதவீதம் கூடியது. நுண்துகள் நுரையீரலின் ஆழம்வரை போய் உடம்பில் அழற்சியைக் கிளப்பும். இன்சுலின் வேலை மந்தமாகும்.

முதலில் குப்பை கொளுத்துவதை நிறுத்துங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும், அது உடல் கொழுப்பில் பல வருஷம் தங்கும். இரவில் ஆலை வாடை அடித்தால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, தேதி, நேரம், காற்றின் திசையை நோட்டில் குறியுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், வாய்ப்பேச்சு எடுபடாது.

அப்புறம் தண்ணீர். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சர்க்கரை நோயோடு தொடர்புள்ள ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் போகாது. வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுக்கும்போது உலோகங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த முடிவைப் பார்த்துவிட்டு ஃபில்டர் வாங்கலாம்.

சூடான டீயும் சாம்பாரும் பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், தூக்குவாளி கொண்டுபோங்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். நடைப்பயிற்சியை விடாதீர்கள், வாடை அடிக்கும் நேரத்தில் மட்டும் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.