பழைய கார், தீராத கடன்: பெயர் மாற்றம் முடிந்த விதம்

டீலரிடம் வாங்கிய பழைய காருக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. பெயர் மாற்றம் மட்டும் நடக்கவில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில், வண்டி மேல் கடன் இருக்கிறது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். டீலரோ, கடன் பாக்கி இல்லை என்று வங்கி தந்த என்ஓசியைக் காட்டி, "கடன் எப்பவோ முடிஞ்சிடுச்சு சார், கம்ப்யூட்டர்ல ஏறல, அவ்வளவுதான்" என்றார்.

அந்த என்ஓசி போலி இல்லை. வங்கிக் கிளையிலேயே கேட்டேன், உண்மைதான் என்றார்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 எல்லாம் புதிதாகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தும் அதே பதில்தான். வாரக்கணக்கில் அலைச்சல்.

அப்புறம் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி விவரத்தை நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. அங்கே கடன் கொடுத்தவர் என்று இருந்தது அந்த வங்கி இல்லை, வேறொரு ஃபைனான்ஸ் நிறுவனம். முதல் கடனை முடித்துவிட்டு, பழைய உரிமையாளர் அதே வண்டியை வைத்து இரண்டாவது கடன் வாங்கியிருக்கிறார். எனக்குத் தந்த ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) நகல் அதற்கு முந்தையது. தெரிந்தே அதைத் தந்திருக்கிறார்கள், இது அப்பட்டமான ஏமாற்று.

பரிவாகன் பக்கத்தின் பிரதி, 'கடன் ஏதுமில்லை' என்று டீலர் எழுதித் தந்த ரசீது, இரண்டையும் இணைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 மூலம் புகார் பதிந்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று டீலருக்குப் பதிவுத் தபாலும் போட்டேன். அதற்குப் பிறகு மீதிக் கடனை டீலர் தரப்பே கட்டியது. அந்த ஃபைனான்ஸ் நிறுவனத்தின் என்ஓசியும், கடன் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35-உம் அவர்கள் முத்திரையுடன் கைக்கு வந்தன. கடன் பதிவு நீங்கியது, ஆர்சி இப்போது என் பெயரில்.