வட்டி வீதத்தை நாமே கண்டுபிடிக்கும் வழி
கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நகையை அடகு வைத்து வாங்கிய 40,000 ரூபாய்க்கு, ஒன்பது மாதம் கழித்து 5,400 ரூபாய் வட்டி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அசல், ஆண்டு, வீதம் மூன்றையும் பெருக்கி 100 ஆல் வகுத்தால் வருவது தனிவட்டி. ஆகவே வீதம் வேண்டுமெனில், வட்டியை 100 ஆல் பெருக்கி, அதை அசலும் ஆண்டும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். ஒன்பது மாதத்தை 12 ஆல் வகுத்து, 0.75 ஆண்டு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கணக்குகள் தவறுவது இந்த இடத்தில்தான். 5,40,000 ஐ 30,000 ஆல் வகுக்க, ஆண்டுக்கு 18 சதவீதம் கிடைக்கிறது. இதை 12 ஆல் வகுத்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம்; பேச்சுவழக்கில் இது நூற்றுக்கு ஒன்றரை வட்டி. காலம் தெரியாவிட்டால், வகுக்கும் பக்கத்தில் ஆண்டுக்குப் பதிலாக வீதத்தை வைத்தால் போதும்.