சின்ன ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

இன்ஜின் சுழற்றும் சக்கரத்தின் இடத்தில் சின்ன ஸ்டெப்னியை, அதாவது மற்ற சக்கரங்களைவிடச் சின்னதாக வரும் தற்காலிக உபரி சக்கரத்தை, மாட்டாதீர்கள். பின்சக்கரத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் பின் டயர் பஞ்சரானால், முதலில் முன் சக்கரம் ஒன்றைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியைப் போடுங்கள், அப்புறம் அந்த நல்ல சக்கரத்தைப் பின்னால் மாட்டுங்கள். ஜாக்கியை இரண்டு தடவை போட வேண்டும்தான், பரவாயில்லை.

ஒரே அச்சில் ஒரு சக்கரம் சின்னது என்றால் நேர்ச்சாலையிலும் அது வேகமாகச் சுற்றும், இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கு ஓய்வே இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் கிளட்ச் தகடுகளால் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் தகடுகள் சூடேறித் தேயும், அந்தச் செலவு டயர் விலையோடு நிற்காது.

முன், பின் டயர் அளவே வேறாக உள்ள காரில் இப்படிச் சக்கரத்தை மாற்றி மாட்ட முடியாது. முன் பிரேக் கேலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) பெரிதாக இருந்தால் ஸ்டெப்னி அதன் மேல் உட்காரவும் செய்யாது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மேனுவல் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

பெரும்பாலான சின்ன ஸ்டெப்னிக்கு 60 பிஎஸ்ஐ காற்று, 80 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்குவது போன்ற மலைச்சாலையில் அந்த வேகத்தையும் பாதியாக்குங்கள், முன்னால் பிரேக் பிடிமானம் குறைந்திருக்கும்.