சீக் ரிட்ராக்டரை வீட்டில் வலியில்லாமல் மாட்டுவது எப்படி

பற்கள் தெரியும்படி உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கருவிதான் சீக் ரிட்ராக்டர். கிளினிக்கில் அரை நிமிடத்தில் பொருந்திவிடும் இது, வீட்டுக் கண்ணாடி முன் நின்று நாமே மாட்டும்போது மட்டும் படுத்தி எடுப்பதற்குப் பெரும்பாலும் காரணங்கள் மூன்றுதான். உதடு காய்ந்திருக்கும், அளவு பெரிதாக இருக்கும், வாயை 'ஆ'வென்று திறந்துகொண்டு மாட்டப் பார்ப்போம். இதில் கடைசிதான் பெரிய தப்பு. வாயை அகலத் திறந்த நிலையில் உதடும் கன்னமும் ஏற்கெனவே விறைத்து நிற்கும். அதற்கு மேல் இழுபட இடம் இருக்காது. பற்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து, தாடையைத் தளர்வாக விட்டால் உதடு ரப்பர்போல் இழுத்த இழுப்புக்கு வரும்.

வீட்டுக்கு வாங்குவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, இரு பக்கமும் உதட்டைத் தாங்கும் வளைந்த பிடிகளை ஒரு வில் இணைக்கும் வகை. கையை எடுத்தாலும் தானாக நிற்கும். மற்றது, ஒரு பக்கத்தை மட்டும் கையால் இழுத்துப் பிடிக்கும் கைப்பிடி வகை. பல்லை நேராக்கும் அலைனர் (கழற்றி மாட்டும் பல் உறை) போட்டிருப்பவர்கள் மருத்துவருக்குப் பக்கவாட்டுப் படம் அனுப்ப இதுவே தோது. பற்களில் ஜெல் தடவி வெண்மையாக்குபவர்களுக்கு முதல் வகை வேண்டும். ஜெல்லைப் பல்வரிசை வடிவ ட்ரேயில் வைத்து மாட்டும் முறை என்றால் ரிட்ராக்டரே தேவையில்லை. வீணாக வாயை வதைக்க வேண்டாம்.

அளவில் சந்தேகம் இருந்தால் சிறியதிலிருந்து தொடங்குங்கள். மாட்டிய பின் வாயோரத் தோல் வெளுத்துப்போனால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அமுங்குகிறது என்று பொருள்: அளவு பெரிது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் கழன்று வந்தால் சிறிது. கடைவாய்ப் பற்கள் முழுதும் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். முன்பற்களும் அவற்றை ஒட்டிய இரண்டு மூன்று பற்களும் தெரிந்தாலே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

புதிதாக வாங்கியதை அப்படியே வாயில் வைக்காதீர்கள். பஞ்சை எடுத்து விளிம்பு முழுதும் ஒரு சுற்று தேயுங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் பிசிறு இருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கும். உதட்டின் உட்புறத்தைக் கிழிப்பது இந்தக் கண்ணுக்குத் தெரியாத பிசிறுதான். பிறகு வில்லை லேசாக அழுத்திப் பாருங்கள். வளைவில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அது விரிசலின் தொடக்கம். வாயில் இருக்கும்போது உடைந்தால் துண்டு தொண்டைக்குப் போகும் ஆபத்து உண்டு என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மாட்டும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயைக் கொப்பளியுங்கள். உதட்டின் வெளிப்புறத்திலும் வாயோரங்களிலும் வாசலினை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தாராளமாகத் தடவினால் கருவி வழுக்கும். பல்லில் பட்டால் அந்த இடத்தில் ஜெல் ஒட்டாது. ரிட்ராக்டரைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஈரமான பிளாஸ்டிக் உதட்டில் ஒட்டி இழுக்காது.

வில் தாடைப் பக்கம் கீழே இருக்குமாறு பிடித்து, இரு பிடிகளையும் விரல்களால் நெருக்குங்கள். முதலில் ஒரு பக்கத்தை நுழைத்து, வாயோரம் பிடியின் பள்ளத்தில் உட்காரும்படி செய்யுங்கள். நெருக்கியதை விடாமல் மறுபக்கத்தையும் நுழைத்துவிட்டு, பிறகு மெதுவாக விரிய விடுங்கள். படக்கென்று விட்டால் வில் வாயோரத்தில் அறையும். கடைசியாக மேலுதட்டையும் கீழுதட்டையும் விரலால் எடுத்து விளிம்புக்கு வெளியே விடுங்கள். மேலுதட்டின் உட்புற நடுவில் ஈறோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சதை மடிப்பின் மேல் கருவியின் விளிம்பு ஏறக்கூடாது. 'எங்கோ குத்துகிறது, எங்கே என்று தெரியவில்லை' என்பவர்களுக்குப் பெரும்பாலும் குத்துவது அங்கேதான்.

மாட்டியபின் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கால் மூச்சு விடுங்கள். மல்லாந்து படுப்பது கூடவே கூடாது. உதட்டை மூட முடியாததால் விழுங்குவது சிரமம். படுத்திருந்தால் தேங்கும் எச்சிலும் ஜெல்லும் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறும். உண்மையில் எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது வலியைவிட எச்சில்தான். மோவாய்க்குக் கீழே ஒரு துண்டு, கையில் டிஷ்யூ தாள் இருந்தால் பதற்றம் குறையும். ஒரே மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். கழற்றி, வாயை மூடித் தாடைக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்ப மாட்டலாம். கொட்டாவி வருவதுபோல் இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். காதருகே தாடை மூட்டு வலித்தாலோ உதடு மரத்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

ஜெல் போடுபவர்கள் அதற்கு முன் ஈறையும் பல்லையும் பஞ்சால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈறில் வழிந்த ஜெல்லை உடனே துடைக்காவிட்டால் அந்த இடம் வெள்ளையாக வெந்து எரியும். ஜெல் அட்டையில் வெண்மையாக்கும் மருந்தின் அளவாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு என்பது ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் வீரியம் கூடியதை வாங்கிவிடுவீர்கள்.

படம் எடுப்பவர்கள் எச்சிலை விழுங்கிவிட்டு, கடைவாய்ப் பற்களைக் கடித்துக்கொண்டு எடுங்கள். குமிழி இருந்தால் ஈறின் ஓரம் தெரியாது. பக்கவாட்டுப் படத்துக்கு அந்தப் பக்கக் கன்னத்தை மட்டும் பின்னோக்கி இழுத்து, மறுபக்கத்தைத் தளர விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்தால் இரண்டுமே பாதிதான் விலகும். போனை முகத்தில் ஒட்டுவதுபோல் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளி வைத்து ஜூம் செய்தால் முன்பற்கள் புடைத்துத் தெரியாது.

கழற்றும்போது நேராக வெளியே இழுக்காதீர்கள். இரு பிடிகளையும் நெருக்கி, ஒரு பக்கத்தை விடுவித்த பிறகே மற்றது.

உடனே வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். ஆட்டோகிளேவ் தாங்கும் என்று 134 டிகிரி செல்சியஸ் குறி போட்டிருந்தால் அது கிளினிக்கின் நீராவி எந்திரத்துக்கான குறி. எந்தக் குறியும் இல்லாததைக் கொதிநீரில் போட்டால் வளைந்து அளவே மாறிவிடும். நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கை அது வெளுக்க வைத்து விரிசல் விடச் செய்யும். வீட்டில் இருவருக்குத் தேவை என்றால் இரண்டு வாங்குங்கள். உதட்டுக் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் எச்சில் வழியாகவும் பரவும்.

உதட்டில் கொப்புளம், வாய்ப்புண், வாயோர வெடிப்பு இருந்தாலோ, அண்மையில் பல் பிடுங்கித் தையல் போட்டிருந்தாலோ ஆறும்வரை மாட்டாதீர்கள். தாடை அடிக்கடி பூட்டிக்கொள்பவர்களும், லேசாகத் தொட்டாலே குமட்டுபவர்களும் பல் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு வீட்டில் மாட்டக்கூடாது.