பாறைக் கடலோரத்தில் ஸ்கூபா: கேமராவோடு இறங்கும் முதல் நாள்

அடிப்படை ஸ்கூபாப் பயிற்சியை (காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவது) முடித்தவர்களுக்கான குறிப்பு இது. 5 மீட்டர் ஆழத்தில் கையை அசைக்காமல் ஒரு நிமிடம் ஒரே மட்டத்தில் மிதக்க முடிகிறதா? முடியாவிட்டால் கேமரா இன்னும் சில நாள் கரையிலேயே இருக்கட்டும்.

1. முந்தின இரவு: ஓ-ரிங்

ஹவுசிங்குக்குள் (கேமராவை வைத்து மூடும் நீர்புகாப் பெட்டி) தண்ணீர் புகுவது பெரும்பாலும் அதன் கதவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரு தலைமுடியாலோ மணல் துணுக்காலோதான். இரும்புக் கருவி எதுவும் படாமல், விரலால் ஓ-ரிங்கைக் கழற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரு விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் மணல் விரலில் நெருடும். ஹவுசிங்கோடு வந்த கிரீஸைக் கடுகளவு தடவினால் போதும். தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான், கிரீஸ் அல்ல. அதிகமானால் அதுவே மணலை இழுக்கும்.

கேமரா இல்லாத ஹவுசிங்குக்குள் டிஷ்யூ காகிதம் வைத்து மூடி, 10 நிமிடம் வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். காகிதம் ஈரமானால் மறுநாள் கேமரா வேண்டாம். கேமராவை உள்ளே வைத்து மூடும்போது அறைக் காற்று உலர்ந்திருக்க வேண்டும், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லும் வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த நீரில் கண்ணாடி உள்பக்கம் பனிக்கும்.

2. கரையில்

கால் மணி நேரம் அலையைக் கவனியுங்கள்; பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும். இறங்கும் இடத்தைவிட ஏறும் இடம் முக்கியம். அது தெளிவாகத் தெரியாவிட்டால் இறங்கவே வேண்டாம். கேமராவைத் தண்ணீருக்குள் போனபின் கூட்டாளியிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

3. நீருக்குள்

பாறையோரம் தண்ணீர் முன்னும் பின்னுமாக இழுக்கும். எதிர்த்து நீந்தினால் காற்றுதான் தீரும். கூடவே ஆடுங்கள், ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் ஒரு கணம் நிற்கும், அப்போது ஷட்டரை அழுத்துங்கள். பாறையைப் பிடிக்காதீர்கள், கடல் முள்ளெலி இருக்கும். கை ஆடாமலிருக்க மூச்சையும் அடக்காதீர்கள்: மூச்சை அடக்கியபடி ஒரு மீட்டர் மேலெழுந்தாலே நுரையீரல் காயப்படலாம்.

4. படம்

நெருங்குங்கள், பிறகு இன்னும் நெருங்குங்கள். தண்ணீரில் பொருள்கள் கால் பங்கு அருகில் இருப்பதாகத் தெரியும். 'பக்கத்தில்தான் இருக்கிறது' என்ற நினைப்பு ஏமாற்றும். சிவப்பு நிறம் 5 மீட்டருக்குள்ளேயே பெருமளவு மங்கிவிடும். ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ் விளக்கு) அதை மீட்டுத் தரும், ஆனால் ஒரு மீட்டர் தூரத்துக்குத்தான். ஷட்டர் வேகம் 1/125 நொடி, லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200-இல் தொடங்கி, ரா ஃபைலாக (கேமரா பதிந்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு) எடுங்கள். படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் லென்ஸுக்கு முன்னுள்ள தூசியில் ஒளி படுகிறது என்று பொருள். ஸ்ட்ரோபைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வெளிப்புறமாகத் திருப்புங்கள். ஸ்ட்ரோப் இல்லாதவர்கள் ஆழம் மாறும்போதெல்லாம் வெள்ளைப் பலகையைக் காட்டி வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) சரிசெய்ய வேண்டும்.

5. திரும்புதல்

வ்யூஃபைண்டரில் மூழ்கினால் காற்றளவு மறந்துபோகும். ஐந்து படத்துக்கு ஒருமுறை சிலிண்டரின் காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். 200 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) தொடங்கினால் 100-இல் திரும்புங்கள், 50 மீதமிருக்க மேலே வாருங்கள். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள். 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தம்.

6. கரையேறியதும்

ஹவுசிங்கைத் திறக்காமல் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி உப்பைக் கரையுங்கள். நன்கு துடைத்து, கதவு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறக்கவும். அதற்கு முன் உங்கள் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். கடலில் தப்பிய கேமரா முடியிலிருந்து சொட்டும் ஒரு துளியில் போய்விடலாம்.