வீட்டில் கார் சார்ஜ் போட எந்த லைன்?

வயரிங் வேலைக்குப் போனால் முதலில் மீட்டர் பெட்டியைத்தான் பார்ப்பேன். சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா, அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட்? தினமும் 40, 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 16 ஆம்பியர் பிளக்கே தாராளம், 3.3 கிலோவாட்தான் இழுக்கும், ராத்திரி போட்டால் காலையில் தயார். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் சிங்கிள் பேஸில் 32 ஆம்பியர் கேட்கும். கூடவே ஏசி, ஹீட்டர் ஓடும் வீடு என்றால் லோடு கூட்டி த்ரீ பேஸ் வாங்கிவிடுங்கள்.

எதுவானாலும் மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும். 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்). போன மாதம் ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் பிளக்கிலேயே சார்ஜ் போட்டிருந்தார்கள். கழற்றினால் நியூட்ரல் முனை கருகி, பிளாஸ்டிக் இளகி வழிந்திருந்தது. எர்த்தைச் சோதித்துவிட்டு அப்புறம் காரைச் செருகுங்கள்.